மேற்படி

என் தொழிலில் ‘மேற்படி’ என்ற சொல்லை ஒழித்துக்கட்டுவதுதான் முதல் வேலை. நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் டைப்பிங் சென்டரில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். கையால் எழுதிய பட்டியல் எது வந்தாலும் முதல் வரியில்தான் விவரம் இருக்கும். அதற்குக் கீழே மேற்படி, மேற்படி என்று பக்கம் முழுக்க இறங்கிக்கொண்டே போகும். எழுதுகிறவனுக்குக் கைவலி மிச்சம். ஆனால் பக்கம் திரும்பிவிட்டால், அந்த மேற்படிக்கு மேலே என்ன இருந்தது என்று தேடி அலைய வேண்டும். அதனால் எங்கள் முதலாளி ஒரு சட்டம் வைத்திருந்தார்: ஒவ்வொரு வரியும் சொந்தக் காலில் நிற்க வேண்டும். மேற்படி வருகிற இடத்திலெல்லாம் மேலே உள்ளதையே திரும்ப அடித்துவிட வேண்டும். இதில் எனக்குக் கர்வமும் உண்டு. நான் அடித்த பட்டியலில் எந்தப் பக்கத்தை உருவி எடுத்தாலும் அது தானாகப் பேசும். அந்தக் கர்வத்தால் ஒரு காட்டுச் சரிவை அழித்தவன் நான். இதை வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. அந்தப் பக்கம் இருந்தவர் ஊர்த் தண்ணீர் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர். அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிட்டுப் பழக்கம். ஒரே மகள். என்னைச் சித்தப்பா என்பாள். பம்ப் ஹவுஸ், ஊர் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. உள்ளே நாலு பம்ப். மணிக்கொரு தரம் அழுத்தத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். வால்வைத் திறந்து மூட வேண்டும். கசிகிற இடத்தில் எண்ணெய்க் கயிற்றைத் திணித்து நட்டை முறுக்க வேண்டும். மழைக்காலத்தில் வடிகட்டியில் இலையும் குச்சியும் அடைத்துக்கொள்ளும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதைக் கையால் அள்ளிப் போட வேண்டும். ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவே கிடைத்த நேரமெல்லாம் அவர் காட்டுக்குள் இருந்தார்.

அவருக்குக் காட்டைப் பற்றிப் படிப்பு ஒன்றும் கிடையாது. அலுவலகத்தில் பழைய மாதிரிப் பதிவேடுகளைக் கழித்துக்கட்டியபோது ஒரு கட்டு வாங்கி வந்து, அதில் எழுதினார். தேதி, நேரம், இடம், கண்டது என்று நாலு கட்டம். மரங்கொத்தி எந்த மரத்தில் தட்டியது, முள்ளம்பன்றி எந்தப் பக்கம் தோண்டியது, மான் எப்போது தண்ணீருக்கு இறங்கியது எல்லாம் அதில் இருக்கும். எழுதினதோடு விட்டாரா என்றால் இல்லை. ஊரில் கண்ணில் பட்டவரையெல்லாம் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். முடி வெட்டுகிறவர், தபால்காரர், வங்கி வாசலில் நிற்கிற காவலாளி, யாரையும் விட்டதில்லை. “ஒரு பத்து நிமிஷம் வாங்களேன்” என்பார். பத்து நிமிடம் இரண்டு மணி நேரம் ஆகும். ஆள் கழன்றுகொள்ளக் கூடாதே என்று பையில் அவித்த முட்டையும் பிளாஸ்கில் டீயும் வைத்திருப்பார். முதல் தடவை நான் போனது முட்டைக்காகத்தான்.

“மேல பாருங்க தம்பி” என்றார் அன்று. “பொறந்ததுலேருந்து நீங்க கீழயே பாத்துக்கிட்டு இருக்கீங்க.”

பார்த்தேன். ஒரு பொந்தில் இரண்டு ஆந்தைக் குஞ்சுகள், பஞ்சு உருண்டைக்குக் கண் வைத்ததுபோல. சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார், ஆனால் சத்தமே வராமல். அப்படிச் சிரிக்க அந்தக் காட்டில்தான் கற்றிருக்க வேண்டும். அதற்குப் பிறகு முட்டை இல்லாமலேயே போனேன்.

இதோடு விட்டிருக்கலாம். என் மச்சான் அப்போதுதான் முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்த காமிரா வாங்கியிருந்தான். கல்யாண வீடுகளில் படம் எடுத்துச் சலித்துப்போய் நல்ல படம் ஏதாவது கிடைக்காதா என்று அலைந்துகொண்டிருந்தான். சாப்பிடுகிற நேரத்தில் ஆந்தையைப் பற்றி அவனிடம் வாய்விட்டேன். மரம் எது என்றும் சொன்னேன். பெருமைதான், வேறென்ன. அவன் மறுநாளே போயிருக்கிறான். பொந்துக்கு முன்னால் ஒரு கிளை மறைத்ததாம். ஒரே ஒரு கிளை. வெட்டிவிட்டுப் படம் எடுத்திருக்கிறான். படம் நன்றாகத்தான் வந்தது. மறைப்புப் போன பொந்தைக் காக்கைகள் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. தாய் ஆந்தை அதன்பிறகு இரண்டு நாள் எதிர் மரத்தில் உட்கார்ந்திருந்ததாக அண்ணன் வந்து சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“கிளைய வெட்டுனது யாருன்னு தெரியும் தம்பி. அவரு கெட்டவரு இல்ல. நாந்தான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்” என்றார்.

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் அதன்பிறகு யாரையும் காட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. மற்றபடி என்னோடு எப்போதும்போலப் பேசினார். ஊர் மட்டும் அவருக்கு ‘ஆந்தை’ என்று வைத்த பட்டப்பெயரை விடவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் சுவருக்கு அந்தப் பக்கம் புதுப் பேச்சு ஒன்று தொடங்கியது. சாயங்காலம் அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடுகிற சத்தம் கேட்கும். உடனே அண்ணி குரலைத் தாழ்த்தி, “மேற்படி எப்படி இருக்கு?” என்பார். “ஜோரா இருக்கு. இன்னைக்கு ரெண்டு” என்பார் அவர். இரண்டு பேரும் சிரிப்பார்கள். மேற்படி என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் நம்மூரில் என்ன அர்த்தமோ அதைத்தான் நானும் எடுத்துக்கொண்டேன். இந்த வயதில் இதுகளுக்கு வந்த வாழ்வைப் பார் என்று ரேடியோவைச் சத்தமாக வைப்பேன். ஒருநாள் “மூணு” என்று காதில் விழுந்தபோது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. பதினொரு வருடம் இப்படி ரேடியோ கேட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முந்திய மழைக்காலத்தில் வடிகட்டி அடைத்து, அவர் அரை நாள் தண்ணீரில் நின்றார். காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பத்தாம் நாள் போய்விட்டார். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. மகளைக் கருணை அடிப்படையில் பம்ப் ஹவுஸிலேயே தற்காலிகமாகப் போட்டார்கள். நிரந்தரம் செய்கிற ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார்கள்.

இரண்டு மாதம் கழித்து உதவிப் பொறியாளர் வீட்டுக்கு வந்தார். கண்ணாடி போட்ட, மரியாதையான பையன். அண்ணன் எழுதின பதிவேடுகளைத் துறையின் செலவில் புத்தகமாகப் போட விரும்புவதாகச் சொன்னார். அண்ணி உள்ளே போய் பதினொரு பதிவேடுகளையும் துணியில் கட்டிக் கொண்டுவந்து வைத்தார். ஆந்தைக்கு முந்திய பதிவேடுகளை, குஞ்சுகள் போன அந்த வாரமே அண்ணன் அடுப்பில் போட்டுவிட்டாராம். டைப் செய்ய யார் என்ற பேச்சு வந்ததும் நான் முந்திக்கொண்டேன். கூலி வேண்டாம் என்றேன். எந்தக் கடனைக் கழிக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். அண்ணிக்கும் தெரியும். அவர் டீ கொண்டுவந்து முதல் டம்ளரை எனக்குக் கொடுத்தார்.

மூன்று மாதம் அடித்தேன். சென்டரில் வேலை முடிந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துக்கொண்டு அடிப்பேன். அவர் கையெழுத்து சின்னது, சாய்வு கிடையாது. எல்லா இடத்துக்கும் எழுத ஏதாவது இருந்தது, ஓர் இடத்தைத் தவிர. பதினொரு வருடத்தின் முதல் வரியிலேயே, ‘கிழக்குச் சரிவு, பெரிய மரம்: ஒன்றும் இல்லை’ என்றிருந்தது. அதன்பிறகு அந்த இடத்துக்கு நேராகத் தினமும் மேற்படி. ஒன்றுமே இல்லாத இடத்துக்கு ஒரு மனிதர் தினமும் எதற்குப் போனார் என்று யோசித்தேன். பாவம், ஏதோ நம்பிக்கை என்று முடிவு கட்டினேன்.

சில நாட்களில் மேற்படிக்குப் பக்கத்தில் 2 என்றோ 3 என்றோ ஓர் எண் இருந்தது. ஒன்றும் இல்லாததில் எப்படி இரண்டு இருக்கும்? கைத்தவறு என்று எடுத்தேன். மூன்று சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடித் தேடி எடுத்தேன். அவ்வளவு அக்கறை. அப்புறம் கம்ப்யூட்டரிடம், மேற்படி என்று வருகிற இடத்திலெல்லாம் ‘ஒன்றும் இல்லை’ என்று மாற்றச் சொன்னேன். ஒரு நொடியில் முடிந்துவிட்டது. 3,912 இடங்களில் மாற்றியாயிற்று என்று திரையில் பெட்டி வந்தது. திருப்தியாக இருந்தது.

புத்தகத்தின் மாதிரிப் பிரதியை அண்ணியிடம் காட்டினேன். “எல்லாம் அவரு எழுதுனபடிதானே தம்பி?” என்றார். ஓர் எழுத்து மாறாது, பார்வைக்குக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணியிருக்கிறேன் என்றேன். அவர் முதல் பக்கத்தில் இருந்த படத்தை விரலால் துடைத்துவிட்டு மூடிக் கொடுத்தார்.

நினைவுக் கூட்டம் நகராட்சி மண்டபத்தில் நடந்தது. வெளியே மழை. பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கினவர்கள். முடி வெட்டுகிறவர் பேசினார். தபால்காரர் பேசினார். இருவரும் முட்டையைப் பற்றிச் சொன்னார்கள். கடைசியில் உதவிப் பொறியாளர் புத்தகத்தைத் திறந்து, ஊரின் தண்ணீர்க் கஷ்டத்தைச் சொன்னார். புதுத் தொட்டி ஒன்று கட்ட மேட்டில் இடம் தேவைப்பட்டதைச் சொன்னார். காட்டில் கை வைக்க மனம் வராமல் தவித்தபோது இந்தப் புத்தகம்தான் வழி காட்டியது என்றார்.

“கிழக்குச் சரிவுல பதினோரு வருஷமா ஒரு உயிரும் இல்லைன்னு ஐயா தினமும் போய்ப் பாத்து எழுதியிருக்காரு. இதைவிட நேர்மையான சர்வே எங்க கிடைக்கும்? அதனால அந்தத் தொட்டிக்கு ஐயா பேரையே வைக்கிறோம்.”

கைத்தட்டல். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம், கடைசிப் பக்கம். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் அப்போதும் புரியாமல், அச்சு நன்றாக வந்திருக்கிறது என்பதுபோலத் தலையாட்டினேன். அவர் எழுந்து நின்றார்.

“அங்க இருக்குங்க” என்றார்.

“என்னம்மா இருக்கு?” என்றார் பொறியாளர், பணிவாகத்தான்.

பதினொரு வருடமாக வெளியாள் முன்னால் அந்தப் பேரைச் சொல்லாமலே பழகிய வாய். அவசரத்தில் அதற்குப் பழகினதுதான் வந்தது.

“மேற்படி” என்றார் அண்ணி.

மண்டபம் சிரித்தது. முதலில் பின்வரிசை, அப்புறம் எல்லோரும். புருஷனைப் பறிகொடுத்த பெண்பிள்ளை மேடைக்கு முன்னால் நின்று மேற்படி என்கிறாள். சிரிக்காமல் என்ன செய்வார்கள். நானே வேறு வரிசையில் இருந்திருந்தால் சிரித்திருப்பேன். அந்தச் சிரிப்புக்கு நடுவே அவர் “பறக்கிற அணிலு” என்று சொன்னது பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும்தான் கேட்டது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பெரிய மரத்துப் பொந்தில் பறக்கும் அணில்கள் குடியிருந்தன. வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வெளியே வந்து, கைகாலை விரித்து, மரத்துக்கு மரம் காற்றில் வழுக்கிக்கொண்டு போகும். அண்ணன் அண்ணியையும் மகளையும் மட்டும் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். எண்கள் குட்டிகளின் கணக்கு. ஆந்தைக்கு நடந்தது இதற்கும் நடக்கக் கூடாது என்றுதான் முதல் வரியில் ஒன்றும் இல்லை என்று ஒரு பொய்யை எழுதினார். பொய்யைத் தினமும் எழுத அவருக்கு மனசு வரவில்லை. அதனால் மேற்படி.

“வீட்டுக்குள்ளகூட ஏன் அண்ணி, அதோட பேரைச் சொல்லாம இருந்தீங்க?” என்றேன்.

“சுவத்துக்கு அந்தப் பக்கம் நீங்க இருக்கீங்களே தம்பி.”

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

மறுநாள் காலையிலேயே பொறியாளர் முன்னால் போய் நின்றேன். தவறு என்னுடையது, மேற்படியை மாற்றியது நான், எண்களை எடுத்தது நான் என்றேன். அடித்து முடித்ததும் நான் ஒப்படைத்திருந்த அசல் பதிவேடுகளை அவர் பீரோவிலிருந்து எடுத்துவரச் சொல்லி, என் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து, பத்து நிமிடம் ஒப்பிட்டார்.

“மேல ஒன்றும் இல்லை. கீழ மேற்படி. நீங்க சரியாத்தானே அடிச்சிருக்கீங்க?”

“எண்ணு இருக்குதே சார்.”

“இது பம்ப் ஹவுஸ் பதிவேடு. எண்ணு நாலைத் தாண்டல. அங்க பம்ப் எத்தனை?”

நாலு என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள் கால் மணி நேரம்தான் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதை மாற்றத்தான் அவர் அலைந்தார். இருக்கிறது என்றால் ஒரு படம் கொண்டுவாருங்கள், பதினைந்து நாள் பொறுக்கிறேன் என்றார். இல்லையென்றால் பதிவேட்டில் எழுதியது பொய் என்று குடும்பம் எழுதிக் கொடுக்கட்டும், மேலே அனுப்புகிறேன் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு பதிவேட்டுல பொய் எழுதுனவரு ஆபீஸ் பதிவேட்டுல எழுதியிருக்க மாட்டாரான்னு மேல கேப்பாங்க. பொண்ணு ஃபைலு இன்னும் அவங்க மேசையிலதான் இருக்கு. யோசிச்சுச் செய்யுங்க.”

அன்று சாயங்காலமே அண்ணி, மகள், நான் மூவரும் கிழக்குச் சரிவுக்குப் போனோம். அளவெடுக்க வந்தவர்கள் மரங்களில் சுண்ணாம்பு வட்டம் போட்டிருந்தார்கள். புதர்களை வெட்டி வழி செய்திருந்தார்கள். ஐந்து நாள் ஒன்றும் வெளியே வரவில்லை. ஆறாம் நாள் மழை விட்டு, மரமெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. மகள் என் தோளைத் தட்டி மேலே காட்டினாள். பொந்திலிருந்து ஒரு தலை, பிறகு முழு உடம்பு. ஒரு கைக்குட்டையை உதறி விட்டதுபோல விரிந்து, எங்கள் தலைக்கு மேலே சத்தமில்லாமல் கடந்து போயிற்று. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் பதினொரு வருடம் இதை வைத்திருந்தார்கள், நான் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். போனில் எடுத்த படத்தில் கறுப்பாக ஒரு கறைதான் இருந்தது.

நல்ல காமிரா வேண்டும். ஊரில் அது யாரிடம் இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அண்ணியிடம் தயங்கித்தான் கேட்டேன். அடுத்த நாள், “கூப்பிடுங்க” என்றார். மச்சான் வந்தான். பழையதெல்லாம் நினைத்துக் கூசிக்கொண்டுதான் வந்தான். ஏணியைச் சாய்த்து, மூன்று இடத்திலிருந்து பார்த்துவிட்டு இறங்கினான்.

“வெளிச்சமே இல்ல மாமா. பொந்தை மறைக்குது பாருங்க, அந்தக் கிளைய மட்டும் எடுத்துட்டா...”

மகள் அவன் கையிலிருந்து காமிராப் பையை வாங்கி அவன் தோளிலேயே மாட்டிவிட்டாள். “நீங்க போயிட்டு வாங்க” என்றாள். அவன் போனான். அந்தக் கிளையை வெட்டியிருந்தால் படம் கிடைத்திருக்கும், சரிவு தப்பித்திருக்கும் என்று இப்போதும் சொல்கிறான். இருக்கலாம்.

மிச்சம் இருந்தது கடிதம். நானே அடித்தேன். என் கணவர் எழுதியது உண்மையல்ல என்று தொடங்கி எட்டு வரி. பதினைந்தாம் நாள் மதியம் அண்ணி அதை மடியில் வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்து, தண்ணீர் வற்றி, அடிப்பிடித்த வாடை வந்தது. நான் எழுந்துபோய் அடுப்பை அணைத்தேன்.

“அவரு இருந்தா கையெழுத்துப் போடுன்னுதான் சொல்லுவாரு” என்றார் அண்ணி. “அவருக்கென்ன, சொல்லிட்டுக் காட்டுக்குப் போயிடுவாரு.”

நான்கு மணிக்கு மகள் ஷிஃப்ட் முடிந்து வந்தாள். அன்றைக்கும் வடிகட்டி அடைத்திருக்கிறது. இடுப்பு வரை நனைந்து, விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்து, இருமிக்கொண்டே வாசலில் செருப்பைக் கழற்றினாள். கடிதத்தைப் பார்த்தாள். “போடும்மா. எனக்கு ஒண்ணும் இல்ல” என்றாள். அண்ணி அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நிரந்தரமானால் அவளைத் தொட்டிக்கு மாற்றுவார்கள். தொட்டியில் வடிகட்டி கிடையாது. தண்ணீரில் இறங்க வேண்டியதில்லை. பேனாவை மூடினார். கடிதத்தை நாலாக மடித்து, கருகின பாத்திரத்தை இறக்க அதையே பிடித்துணியாகப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அந்த நேரத்தில் நிம்மதியாக இருந்தது. அந்த எட்டு வரியில் ஒன்று, தட்டச்சு செய்தவர் எண்களை நீக்கிவிட்டார் என்பது. அந்த நிம்மதியை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மரங்களை அறுக்க நான்கு நாள்தான் ஆயிற்று. பெரிய மரம் விழுந்தபோது உள்ளே என்ன இருந்தது என்று அறுத்தவர்களிடம் கேட்டேன். எலி மாதிரி ஏதோ ஓடியது என்றார்கள். இப்போது அங்கே தொட்டி நிற்கிறது. சுவரில் பெரிய நீல எழுத்தில் அவர் பெயர், முன்னால் ‘இயற்கை ஆர்வலர்’ என்று. எங்கள் தெருவுக்குத் தினமும் தண்ணீர் வருகிறது. குழாயைத் திறந்தால் வாளி துள்ளுகிறது. என் மனைவி அவரைத் தினமும் வாழ்த்துகிறாள்.

மகளுக்கு நிரந்தரமாகி, தொட்டியிலேயே போட்டார்கள். சாயங்காலம் அண்ணி அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோவார். மேடு என்பதால் தூக்குப்பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போவேன். நேற்று போனபோது வெளிச்சம் மங்குகிற நேரம். மகள் சின்ன அறையில் பதிவேட்டைத் திறந்துவைத்து, அளவு பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் வெட்டவெளி. அண்ணி மூச்சு வாங்க வாசலில் உட்கார்ந்தார். கால்மணி நேரம் ஆகாயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பழக்கதோஷத்தில், குரலைத் தாழ்த்தி, கேட்டே விட்டார்.

“மேற்படி எப்படி இருக்கு?”

மகள் பேனாவை எடுக்காமல் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

“மேற்படிதாம்மா” என்றாள்.

ஆறு மணிக்கான வரியிலும் அதையே எழுதிவிட்டு, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள்.